வீட்டு வேலையில் ஓய்ந்துபோனவளுக்கு வேதம் என்ன சொல்கிறது?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பது இது, சுருக்கித் தருகிறேன்: "கல்யாணமாகிப் பன்னிரண்டு வருசம் ஆகிறது. கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அங்கேயே தங்கிக்கொண்டு சனிக்கிழமை ராத்திரிதான் வருவார். இரண்டு பிள்ளைகள், முட்டிவலியோடு மாமியார், ஒரு கறவை மாடு. நாலரைக்கு எழுந்தால் படுக்கப் பத்தரை ஆகிறது. முன்பெல்லாம் கண்ணீரோடு ஜெபிப்பேன். இப்போது முழங்கால் போட்டால் தூங்கிவிடுகிறேன். சபையில் நீதிமொழிகளில் வருகிற குணசாலியான ஸ்திரீயைப் பற்றிப் பேசினால் எரிச்சல் வருகிறது. நான் விசுவாசத்திலிருந்து பின்வாங்கிப் போய்விட்டேனா? வெள்ளிக்கிழமை உபவாசமும் முடியவில்லை. விட்டால் பாவமா?"

இல்லை அம்மிணி, நீங்கள் பின்வாங்கிப் போகவில்லை. களைத்துப் போயிருக்கிறீர்கள். ஈரோட்டுப் பக்கத்துச் சபைகளில் பெண்கள் கூடுகைகளுக்குப் பல வருசமாக வேதபாடம் நடத்துகிறேன். வீட்டிலேயே தறி போட்டிருக்கும் பள்ளிபாளையத்துப் பெண்ணும், தோட்டத்துச் சாளையில் தனியாகக் குடியிருக்கிற பெண்ணும், கோயமுத்தூரில் அபார்ட்மெண்டில் இருக்கிற பெண்ணும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எல்லாரும் பாவ அறிக்கை செய்கிற குரலில் கேட்கிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். களைப்பைப் பாவம் என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. களைத்தவர்களைத் தேவன் எப்படி நடத்தினார் என்று பார்த்தால் உங்கள் பாதி பாரம் இறங்கிவிடும்.

எலியா தீர்க்கதரிசியிடமிருந்து ஆரம்பிக்கலாம். 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசியுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கின அதே மனிதன், யேசபேல் ராணியின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறான். தேவன் அவனைத் திட்டவில்லை. "உன் விசுவாசம் எங்கே?" என்றும் கேட்கவில்லை. அவன் படுத்துத் தூங்கினான், தூங்கவிட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டான், திரும்பவும் படுத்துக்கொண்டான். அப்போதும் கோபமில்லை. தூதன் இரண்டாம் தரம் வந்து, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லி இன்னொரு முறை சாப்பிட வைக்கிறான். அந்தப் பலத்தில்தான் எலியா 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போகிறான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி வருவதே அதற்கு அப்புறம்தான்.

முதலில் தூக்கம், அப்புறம் சாப்பாடு, மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு, அதற்குப் பின்தான் பேச்சு. நாம் சபைகளில் இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். ஓய்ந்துபோனேன் என்று ஒருத்தி சொன்னால், இன்னும் அரை மணி நேரம் முன்னால் எழுந்து ஜெபி என்கிறோம். நாலரைக்கு எழுகிறவள் இனி எத்தனை மணிக்கு எழுவாள்? சங்கீதம் 127:2 இதைப் பற்றித்தான் பேசுகிறது. அதிகாலையில் எழுந்து வெகுநேரம் வேலையிலேயே கிடந்து வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவது விருதா என்று சொல்லிவிட்டு, "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்கிறது. முழங்காலில் உங்களுக்கு வருகிற தூக்கத்தை அவர் கொடுத்ததாக எடுத்துக்கொண்டு பாயில் படுங்கள். "ஆண்டவரே, முடியலைங்க" என்ற ஒரு வரி போதும், அதுவும் ஜெபம்தான்.

எலியாவின் தலைமாட்டில் யாரோ அடை சுட்டு வைத்தார்கள். உங்கள் தலைமாட்டில் யார் வைப்பார்கள்? வீட்டில் எல்லாருக்கும் அடை சுடுகிறவள் நீங்கள். வீட்டுப் பெண்ணின் களைப்பை மற்றவர்களின் களைப்பிலிருந்து பிரிக்கிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அதனால் யோவான் 21-ம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் கரைக்கு வந்த சீஷர்களுக்கு, உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு, அப்பமும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். மரணத்தை ஜெயித்தவர் அடுப்பு மூட்டினார் அம்மிணி. நீங்கள் தினமும் விடியலில் செய்கிற வேலையை அவர் செய்திருக்கிறார். அந்த வேலை அற்பமானது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அதே நேரம், அன்றைக்கு அந்தக் கரையில் பரிமாறப்பட்டவர்களின் வரிசையில் நீங்களும் உட்காரலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

அடுத்து மார்த்தாள். நம் பக்கத்தில் இவளைப் புரிந்துகொள்ளாத பெண் கிடையாது. ஒறம்பரை வந்துவிட்டால் இலை போட்டு, பருப்பு நெய்யில் ஆரம்பித்து, போதும் போதும் என்றாலும் விடாமல் பரிமாறுவது கொங்கு நாட்டுப் பெருமை. நல்ல பெருமைதான், ஆனால் அதன் பாரம் முழுவதும் அடுப்படியில் நிற்கிறவள் தோளில் விழுகிறது. லூக்கா 10-ல் இயேசு வீட்டுக்கு வந்தபோது சகோதரி மரியாள் அவர் பாதத்தருகே உட்கார்ந்துவிட, பணிவிடையில் தனியாக நின்ற மார்த்தாள் வெடித்தது அங்கேதான். "மரியாளைப் போல இரு, மார்த்தாளைப் போல இராதே" என்று பிரசங்கம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறோம். வந்ததும் மரியாளாக உட்கார்ந்தால் உலை யார் வைப்பது?

அந்தப் பகுதியை நான் வேறு விதமாக வாசிக்கிறேன். மார்த்தாள் தன் குறையை அக்கம்பக்கத்தில் சொல்லவில்லை. நேராக ஆண்டவரிடம் போய், நான் தனியாகக் கிடந்து செய்கிறேனே, உமக்கு அக்கறை இல்லையா என்று கேட்டாள். மரியாதைக் குறைவான கேள்விதான், அவர் அதைப் பொறுத்துக்கொண்டார். "மார்த்தாளே, மார்த்தாளே" என்று இரண்டு தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஆபிரகாமையும் மோசேயையும் சாமுவேலையும் தேவன் அப்படித்தான் கூப்பிட்டார். பிறகு, "நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்றார். சமைத்ததை அவர் குறை சொல்லவில்லை. உள்ளே கொதித்துக்கொண்டிருந்த கலக்கத்தைத்தான் தொட்டார். ஒன்பது வகை வேண்டாம், ஒன்று போதும், நீயும் வந்து உட்கார் என்று கூப்பிட்டதாகத்தான் எனக்குப் படுகிறது.

மார்த்தாளின் கதை அங்கே முடிந்துவிடவும் இல்லை. யோவான் 11-ல் சகோதரன் லாசரு செத்துக் கிடக்கும்போது, "நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து" என்று பேதுருவுக்குச் சமமாக அறிக்கை செய்தவள் இந்த அடுப்படி மார்த்தாள்தான். யோவான் 12:2-ல் பெத்தானியாவில் மறுபடி விருந்து, மறுபடி "மார்த்தாள் பணிவிடை செய்தாள்". இந்தத் தடவை புலம்பலும் இல்லை, கண்டிப்பும் இல்லை. அதே வேலைதான், கலக்கம் மட்டும் போயிருந்தது. உங்கள் எரிச்சலையும் அப்படியே அவரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். நல்ல வார்த்தை தேட வேண்டாம்.

இனி அந்தக் குணசாலியான ஸ்திரீ. உங்களுக்கு எரிச்சல் வருவது எனக்கு நன்றாகப் புரிகிறது. நீதிமொழிகள் 31:10 முதல் 31 வரை 22 வசனங்கள். எபிரெய அரிச்சுவடியின் 22 எழுத்துகளில் வரிசையாக ஒவ்வொரு வசனமும் தொடங்கும்படி கட்டின கவிதை அது. லேமுவேல் என்ற ராஜாவுக்கு அவன் தாய் சொல்லிக்கொடுத்தது என்று அதிகாரத்தின் முதல் வசனம் சொல்கிறது. ஆக, இதை முதலில் கேட்க வேண்டியவன் ஒரு மகன். பெண்டாட்டியை எப்படி மதிக்க வேண்டும் என்று ஒரு அம்மா மகனுக்குச் சொன்னதை, நாம் பெண்கள் தினசரி டிக் போட வேண்டிய பட்டியலாக மாற்றிவிட்டோம். அவள் வயல் வாங்குகிறாள், திராட்சத்தோட்டம் போடுகிறாள், துணி நெய்து விற்கிறாள். இதெல்லாம் ஒரே நாளில் நடந்ததாக யார் சொன்னது? ஒரு ஆயுசு முழுக்கச் செய்ததை ஒரு பாட்டில் அடுக்கியிருக்கிறார்கள். அப்புறம் 15-ம் வசனம்: இருட்டோடே எழுந்து தன் "வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள்". அவளுக்கு உதவிக்கு ஆள் இருந்தது. உங்களுக்கு ஒருத்தரும் இல்லை. அவளோடு உங்களை ஒப்பிட்டுத் தோற்றுப்போக வேண்டாம்.

அந்தப் பாட்டின் கடைசி வசனத்தைச் சபையில் யாரும் அழுத்திப் படிப்பதில்லை. "அவளுடைய கைகளின் பலனை அவளுக்குக் கொடுங்கள்." புகழ்ச்சியோடு நிறுத்தாமல் பலனையும் கொடுக்கச் சொல்கிறது. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில், கணவன் சம்பாதித்து வாங்கின சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அடங்கியிருக்கிறது, அவளுக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அதைப் படித்தபோது எனக்கு இந்த வசனம்தான் ஞாபகம் வந்தது. உங்கள் வீட்டிலேயே ஒன்று யோசியுங்கள். மாட்டைக் கறக்கிறது நீங்கள். பால் சொசைட்டியில் பேர் யார் பேரில் இருக்கிறது, காசு யார் கணக்கில் விழுகிறது? உங்கள் பேருக்கு மாற்றச் சொல்லிக் கேட்பது பேராசை ஆகாது. வேதம் கொடுக்கச் சொன்னதைத்தான் கேட்கிறீர்கள்.

"எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்ற கொலோசெயர் வசனத்தையும் உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மையான ஆறுதல் அது. கழுவின பாத்திரத்தை யாரும் பார்க்காவிட்டாலும் அவர் பார்க்கிறார். சாராயின் வீட்டை விட்டு ஓடிய வேலைக்காரி ஆகார் வனாந்தரத்தில் சொன்னதும் அதுதான்: "நீர் என்னைக் காண்கிற தேவன்." ஆனால் இந்தக் கொலோசெயர் வசனம் நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டிய வசனம். உங்கள் வாயை அடைக்க மற்றவர்கள் எடுக்கிற கோல் ஆகிவிடக் கூடாது. அதே 3-ம் அதிகாரத்தில், சில வசனங்களுக்கு முன்னால், மனைவியிடத்தில் அன்பாயிருங்கள், அவள்மேல் கசந்துகொள்ளாதீர்கள் என்று புருஷர்களுக்கு எழுதியிருக்கிறது.

சரி, நடைமுறைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் யாத்திராகமம் 18-ல் இருக்கிறது. மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே ஆளாக உட்கார்ந்து ஜனங்களுக்கு நியாயம் விசாரிக்கிறான். பார்க்க வந்த மாமனார் எத்திரோ, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்கிறார். இப்படியே போனால் நீயும் தொய்ந்துபோவாய், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள், ஒருவனாய் இதைச் செய்ய உன்னால் ஆகாது, பிரித்துக் கொடு என்று சொல்கிறார். தேவனோடு முகமுகமாய்ப் பேசின மோசேக்கே அந்த வேலையைத் தனியாகச் செய்ய முடியவில்லை. மாமனார் சொல்லைக் கேட்டு வேலையைப் பிரித்துக் கொடுத்தான். அதை விசுவாசக் குறைவு என்று யாரும் எழுதவில்லை.

நீங்களும் பிரித்துக் கொடுங்கள். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும், செய்கிற ஆண்கள் 97 நிமிடம் என்றும் வந்தது. இது உங்கள் வீட்டுக் குறை மட்டும் இல்லை, தேசத்துக் குறை. அதனால் கணவரிடம் பேசும்போது குற்றம் சாட்டுகிற குரல் வேண்டாம். "ஏனுங், ஒரு விசயம் பேசோணும்" என்று ஆரம்பித்து, குறிப்பாகக் கேளுங்கள். "நான் ஓய்ஞ்சு போயிட்டேன்" என்று சொன்னால் பாவமாகப் பார்ப்பார், அதோடு மறந்துவிடுவார். "ஞாயித்துக்கிழமை ரண்டு நேரமும் மாட்டை நீங்க பாத்துக்கோங்க" என்றால் அதில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. மாமியாருக்கு முட்டிவலி, நடக்க முடியாது, ஆனால் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கலாம், கீரை ஆயலாம். பெரியவர்களுக்குத் தாங்கள் இன்னும் வீட்டுக்கு வேண்டியவர்கள் என்று தெரிவதே சந்தோசம். பிள்ளைகளில் பையன் இருந்தால் அவனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தட்டுக் கழுவத் தெரிந்த பையன் நாளைக்கு ஒரு பெண்ணைக் களைக்க விடமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கிறிஸ்தவ வீடுகளில் பெண்கள் அதிகமாகக் களைக்கிற நாள் அதுதான். பிள்ளைகளைக் கிளப்பி, மாட்டைப் பார்த்து, ஆராதனைக்கு ஓடி, திரும்பி வந்ததும் கறி அரைத்துக் குழம்பு வைத்து, மூன்று மணிக்குச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடிக்கும்போது சாயங்காலக் கறவை வந்துவிடும். ஓய்வுநாள் கட்டளையில் வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன் எல்லாவற்றுக்கும் ஓய்வு சொல்லியிருக்கிறது. மாட்டுக்கு ஓய்வு சொன்ன தேவன், அதைக் கறக்கிறவளுக்கு வேண்டாம் என்பாரா? வனாந்தரத்தில் மன்னா என்ற ஆகாரத்தைக் கொடுத்த காலத்திலும், சுட வேண்டியதையும் வேவிக்க வேண்டியதையும் முந்தின நாளே முடித்துவைக்கச் சொன்னார். அதனால் ஞாயிறு மத்தியானம் ஒரே குக்கரில் அரிசிம்பருப்பு சாதம், தயிர், அப்பளம், இவ்வளவு போதும். கறி வேண்டும் என்றால் கணவர் செய்யட்டும், அல்லது சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். சாப்பிட்ட பின் ஆறு மணி வரை உங்களை யாரும் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் பேசி வையுங்கள். ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருக்கும். சில வாரத்தில் பழகிவிடும்.

ஜெபத்துக்கு வருகிறேன். பெரிய அதிகாரங்களைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். சங்கீதம் 120 முதல் 134 வரையுள்ள ஆரோகண சங்கீதங்கள் பதினைந்தும் பெரும்பாலும் சிறியவை. 131-வது சங்கீதத்துக்கு மூன்றே வசனம். தாயின் பால்மறந்த குழந்தையைப் போல ஆத்துமாவை அமரப்பண்ணினேன் என்கிறது. எதையும் கேட்காமல் அம்மா மடியில் சும்மா இருக்கிற பிள்ளையாக தேவனிடம் இருக்கலாம். பிள்ளை வளர்த்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்கு ஒரு வசனம், தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கறக்கும்போது, துவைக்கும்போது அதையே மனதில் ஓட்டுங்கள். கருமத்தம்பட்டி மாதா கோயில் அக்டோபர்த் திருவிழாவுக்குப் போகிற கத்தோலிக்கச் சகோதரிகள் வேலைக்கு நடுவே ஜெபமாலை சொல்வதும் இதே வழிதான். பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சமையல் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ் என்பவர் 1691-ல் இறந்தார். சமையலறை அவருக்குச் சுபாவத்திலேயே பிடிக்காது. ஆனாலும் பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலேயே தேவனோடு பேசிப் பழகிக்கொண்டார். சமையல் பிடிக்கவில்லை என்பதே அவரைப் பரிசுத்தத்துக்கு வெளியே தள்ளிவிடவில்லை.

கூடுகையில் ஒருத்தியையாவது நம்பி உள்ளதைச் சொல்லுங்கள். 1830-ல் லண்டன் மிஷன் கோயமுத்தூரில் வேலை ஆரம்பித்த காலத்துக்குப் பின், இந்தப் பக்கத்தில் வீடு வீடாகப் போய் அடுப்படியில் உட்கார்ந்து பெண்களுக்கு வேதம் சொன்னவர்கள் பெண்கள்தான். அந்த வழக்கம் இப்போது மேடையும் மைக்கும் ஆகிவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து மாறி மாறி ஒருத்தி பிள்ளைகளை இன்னொருத்தி பார்த்துக்கொண்டாலே, "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்ற கட்டளை நிறைவேறிவிடும்.

உடம்பையும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருந்தது. உட்கார்ந்ததும் தூக்கம், படியேறினால் மூச்சு வாங்குவது, தலை சுற்றுவது இதெல்லாம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் சோதியுங்கள், தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். முருங்கைக்கீரையும் ராகியும் நல்லதுதான், ஆனால் மாத்திரை எழுதிக்கொடுத்தால் அதைச் சாப்பிட வேண்டும். எதிலும் மனசு ஒட்டவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் தாமதிக்க வேண்டாம், 14416 எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். வீட்டில் அடி விழுகிறது என்றால் 181-ஐக் கூப்பிடுங்கள். அடி வாங்குவதைச் சிலுவை சுமப்பது என்று யார் சொன்னாலும், ஊழியக்காரரே சொன்னாலும், ஏற்காதீர்கள்.

கடைசியாக வெள்ளிக்கிழமை உபவாசம். விடுங்கள், பாவமில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வந்து, டாக்டர் சரி என்று சொல்கிற வரைக்கும் உபவாசமே இருக்க வேண்டாம். ஏசாயா 58-ல் தேவன் தமக்கு உகந்த உபவாசம் எது என்று அவரே சொல்கிறார்: நுகத்தடியின் பிணையல்களை நெகிழ்த்துவது, நெருக்கப்பட்டவர்களை விடுதலையாக்குவது, பசித்தவனுக்கு ஆகாரம் பகிர்ந்து கொடுப்பது. உங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சினதைச் சாப்பிடுகிற ஆள் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். இந்த வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து, சூடாக இருக்கும்போதே வயிறார இட்லி சாப்பிடுங்கள்.